ஒரே அலைவரிசையில் பல சிக்னல்கள்: மொழி உவமை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஜிபிஎஸ், செல்போன் இரண்டையும் சேர்த்து விளக்கிய கட்டுரையைப் படித்தோம். அதில் இரண்டு இடங்கள் உறுத்தின. "ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கென்று ஒதுக்கப்பட்ட அலைவரிசையில் சிக்னல் அனுப்புகிறது" என்பது ஒன்று. எல்லோரும் ஒரே அதிர்வெண்ணில், ஆளுக்கொரு குறியீட்டை வைத்து அனுப்பும் சிடிஎம்ஏ என்ற குறியீட்டு முறையை விளக்கும்போது, கல்யாண மண்டபத்தில் ஒரு ஜோடி தமிழிலும் இன்னொரு ஜோடி தெலுங்கிலும் பேசிக்கொள்வது போல என்று சொன்னது மற்றொன்று.

முதலாவது நேரடியான பிழை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எல்லாமே பொதுமக்களுக்கான சிக்னலை ஒரே அதிர்வெண்ணில், 1575.42 மெகாஹெர்ட்ஸில்தான் அனுப்புகின்றன. நம் நாட்டின் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களான நாவிக் கோள்களும் அப்படித்தான்: 1176.45, 2492.028 மெகாஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண்களை எல்லாக் கோள்களும் பகிர்ந்துகொள்கின்றன. கட்டுரையில் சொன்னது ரஷ்யாவின் குளோனாஸுக்குப் பொருந்தும். அதன் பழைய சிக்னல்களில் 1602 மெகாஹெர்ட்ஸை நடுவில் வைத்து 0.5625 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 14 தடங்கள் உண்டு. பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் இரண்டு கோள்கள் ஒரே தடத்தைப் பகிரும். குளோனாஸும் பிற்பாடு வந்த கோள்களில் குறியீட்டு முறையைச் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது இடத்தைப் பிழை என்று சொல்ல முடியாது. பாடப்புத்தகங்களிலேயே அந்த உவமை இருக்கிறது. ஆனால் அதைப் படித்த மாணவருக்குச் சிக்னல்கள் உண்மையில் எப்படிப் பிரிகின்றன என்பது துளிகூடத் தெரிந்திருக்காது. தமிழ் தெரிந்தவர் தெலுங்கைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுகிறார். ரிசீவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கி, பெருக்கிக் கூட்டுகிறது. வேண்டாதவை அந்தக் கூட்டலில் பூஜ்ஜியமாகின்றன. எட்டாம் வகுப்பு மாணவர் ஒரு தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. அதைச் சொல்லாமல் உவமையோடு நிறுத்துவதுதான் எங்கள் ஆதங்கம்.

நான்கு வரிசைகளை எடுத்துக்கொள்வோம்:

முதல் வரிசை: +1, +1, +1, +1
இரண்டாம் வரிசை: +1, −1, +1, −1
மூன்றாம் வரிசை: +1, +1, −1, −1
நான்காம் வரிசை: +1, −1, −1, +1

இவற்றுக்கு வால்ஷ் குறியீடுகள் என்று பெயர். ஜோசப் வால்ஷ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1923-இல் எழுதியதிலிருந்து வந்தவை. எந்த இரண்டு வரிசைகளை எடுத்து இடத்துக்கிடம் பெருக்கிக் கூட்டினாலும் விடை 0. ஒரு வரிசையை அதனோடேயே பெருக்கிக் கூட்டினால் 4. வரிசையில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் சிப் என்கிறார்கள். போனுக்குள் இருக்கும் சிலிக்கான் சிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கமலாவுக்கு இரண்டாம் வரிசை, ரஹீமுக்கு மூன்றாவது, ஸ்டெல்லாவுக்கு நான்காவது என்று கொடுத்துவிடுவோம். 1 அனுப்ப வேண்டுமானால் வரிசையை அப்படியே அனுப்பலாம். 0 அனுப்ப வேண்டுமானால் எல்லாக் குறிகளையும் திருப்பிப் போட வேண்டும். இப்போது கமலா 1, ரஹீம் 0, ஸ்டெல்லா 1 அனுப்புகிறார்கள். கமலாவிடமிருந்து +1, −1, +1, −1 கிளம்புகிறது. ரஹீமிடமிருந்து −1, −1, +1, +1. ஸ்டெல்லாவிடமிருந்து +1, −1, −1, +1. காற்றில் மூன்றும் கலந்து, ஆன்டெனாவுக்கு வந்து சேர்வது +1, −3, +1, +1 மட்டுமே. இந்த நான்கு எண்களைப் பார்த்து யார் என்ன அனுப்பினார்கள் என்று கண்ணால் சொல்லிவிட முடியாது.

கமலாவின் வரிசையால் பெருக்குங்கள்: 1 + 3 + 1 − 1 = 4. நான்கால் வகுத்தால் +1. ஆக அனுப்பியது 1. ரஹீமின் வரிசையால்: 1 − 3 − 1 − 1 = −4; அனுப்பியது 0. ஸ்டெல்லாவுக்கு: 1 + 3 − 1 + 1 = 4; அனுப்பியது 1. யாருக்கும் கொடுக்காத முதல் வரிசையாலும் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 1 − 3 + 1 + 1 = 0. அந்த வரிசையில் யாரும் பேசவில்லை என்று ரிசீவருக்குத் தெரிந்துவிடுகிறது. வகுப்பில் இதைச் செய்யும்போது பலர் குறியீட்டை 0, 1 என்றே வைத்துக்கொண்டு பெருக்குகிறார்கள். அப்போது எதுவும் எதையும் ரத்து செய்யாது, விடை குழம்பும். மைனஸ் இருந்தால்தான் கழிவு நடக்கும்.

இதோடு நிறுத்தினால் எல்லாம் இலவசமாகக் கிடைத்தது போலத் தோன்றும். விலை எங்கே இருக்கிறது என்று பார்க்க, ஸ்டெல்லாவை மட்டும் ஒரு சிப் நேரம் தாமதமாக வரச் சொல்வோம். அவர் இதற்கு முன் அனுப்பிய பிட்டும் 1 என்று கொள்வோம். முந்தைய பிட்டின் கடைசி சிப் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ள, அவருடைய வரிசை +1, +1, −1, −1 என்று வந்து சேரும். இது ரஹீமின் வரிசையேதான்! மூவரின் கூட்டல் இப்போது +1, −1, +1, −1. ரஹீமின் வரிசையால் பெருக்கினால் 1 − 1 − 1 + 1 = 0. ரஹீம் காணாமல் போய்விட்டார். ஸ்டெல்லாவின் வரிசையால் பெருக்கினாலும் 0. கமலா மட்டும் 4 என்று தப்பித்துக்கொண்டார். ஒரே ஒரு சிப் பிசகியதற்கு இரண்டு பேர் தொலைந்தார்கள். மண்டபத்தில் ஒருவர் அரை நொடி தாமதமாகப் பேசினால் தமிழ் தெலுங்காகிவிடுவதில்லை. உவமை உடையும் முதல் இடம் இது.

அதனால்தான் 1993-இல் வெளியான ஐஎஸ்-95 என்ற செல்போன் தரத்தில் டவரிலிருந்து போனுக்கு வரும் பாதைக்கும், போனிலிருந்து டவருக்குப் போகும் பாதைக்கும் வெவ்வேறு ஏற்பாடு. டவர் எல்லோருக்கும் ஒரே ஆன்டெனாவிலிருந்து, ஒரே கடிகாரத்தில் அனுப்புகிறது. வரிசைகள் பிசகாமல் கிளம்பும். அங்கே 64 சிப் நீளமுள்ள 64 வால்ஷ் குறியீடுகள் போதும். பூஜ்ஜியமாவது குறியீடு போன்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் பைலட் சிக்னலுக்கு, 32-ஆவது நேரத்தை ஒத்திசைக்க, மீதியில் சில அழைப்பு அறிவிப்புகளுக்கு, எஞ்சியவை பேச்சுக்கு.

திரும்பிப் போகும் பாதையில் அப்படிச் செய்ய முடியாது. ஐஎஸ்-95-இன் வேகம் விநாடிக்கு 12,28,800 சிப். ஒரு சிப் நீடிக்கும் நேரத்தில் ரேடியோ அலை ஏறத்தாழ 244 மீட்டர் ஓடிவிடும். டவரிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் போனின் சிக்னல், டவரடியில் இருக்கும் போனின் சிக்னலைவிடக் குறைந்தது நான்கு சிப் பின்தங்கி வரும். எனவே இந்தத் திசையில் போன்களைப் பிரிக்கும் வேலையை வால்ஷ் வரிசைகளிடம் விடாமல், பார்ப்பதற்குத் தாறுமாறாகத் தெரியும் ஒரு நீண்ட குறியீட்டிடம் விட்டிருக்கிறார்கள். 42 கட்டப் பதிவேட்டில் (கட்டத்துக்கு ஒரு பிட் வைத்து, சிப்புக்கு ஓர் இடம் நகர்த்தும் மின்சுற்று) உருவாகும் அது ஒருமுறை முழுதாக ஓடி முடிய 41 நாள் ஆகும். ஒவ்வொரு போனும் அதன் வெவ்வேறு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட குறியீடுகள் எவ்வளவு நகர்ந்து வந்தாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஆனால் பெருக்கிக் கூட்டினால் சரியாக 0 வருவதுமில்லை. கொஞ்சம் மிச்சம் நிற்கும், அந்த மிச்சம்தான் இரைச்சல்.

இங்கேதான் உவமை உடையும் இரண்டாவது இடம். 9,600 பிட் வேகப் பேச்சில் ஒவ்வொரு பிட்டுக்கும் 128 சிப். அதாவது வேண்டிய சிக்னல் கூட்டலில் 128 மடங்கு மேலே எழும். டெசிபெல்லில் (திறன் பத்து மடங்கானால் 10, நூறு மடங்கானால் 20 என்று ஏறும் அளவு) சொன்னால் 21. இப்போது ஒருவர் டவரிலிருந்து 100 மீட்டரில், இன்னொருவர் 2 கிலோமீட்டரில் இருக்கிறார்கள், இருவரும் ஒரே திறனில் அனுப்புகிறார்கள் என்போம். தடையே இல்லாத வெட்டவெளியில்கூட, 20 மடங்கு தொலைவுக்குத் திறன் 400-இல் ஒரு பங்காகக் குறையும். நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே தொலைவின் நான்காம் அடுக்கில் குறையும் என்று கணக்கிடுவது வழக்கம்; அப்படியானால் 1,60,000-இல் ஒரு பங்கு. 128 மடங்குத் தூக்கலை வைத்துக்கொண்டு இதை மீட்கவே முடியாது. கிட்ட இருப்பவர் எட்ட இருப்பவரை முழுதாக அமுக்கிவிடுவார். மண்டபத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துவிட்டால் தமிழோ தெலுங்கோ, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே விழாது இல்லையா, அதுதான்.

இதற்கு ஒரே மருந்து, எல்லோருடைய சிக்னலும் டவரை ஒரே பலத்தில் வந்து தொடும்படி ஒவ்வொரு போனையும் அடக்கி வைப்பது. டவரிலிருந்து வரும் சிக்னல் பலமாக இருந்தால் தன் திறனைக் குறைத்துக்கொள், பலவீனமாக இருந்தால் கூட்டிக்கொள் என்று போன் முதலில் தானே ஒரு கணிப்புப் போடும். ஆனால் போகும் அதிர்வெண்ணும் வரும் அதிர்வெண்ணும் 45 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதால், ஒன்றில் சிக்னல் மங்கும் நேரத்தில் மற்றதில் மங்க வேண்டும் என்பதில்லை. எனவே டவர் விநாடிக்கு 800 முறை, ஒவ்வொரு போனுக்கும் "ஏற்று" அல்லது "இறக்கு" என்று ஒரு பிட் அனுப்பும். போன் ஒவ்வொரு முறையும் 1 டெசிபெல் நகரும். பேருந்து தெருமுனை திரும்பும்போது டவர் மறைந்து 20 டெசிபெல் விழுந்தால், அதைச் சரிசெய்ய 20 கட்டளைகள், 25 மில்லி விநாடி. அதற்குள் போன பிட்டுகளைப் பிழை திருத்தும் குறியீடுதான் காப்பாற்ற வேண்டும். பின்னால் வந்த 3ஜியில் இதே கட்டளை விநாடிக்கு 1,500 முறை ஆனது. சிடிஎம்ஏவின் உயிர் குறியீட்டில் இருக்கிறது என்று நினைக்கிறோம்; வலையமைப்பை நடத்தியவர்களைக் கேட்டால் திறன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பார்கள்.

"எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து பேசலாம்" என்று கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. அதையும் விட்டுவிட முடியவில்லை. நான்கு சிப் வரிசையில், ஒன்றையொன்று ரத்து செய்யும் வரிசைகள் நான்குதான். ஐந்தாவதைக் கண்டுபிடிக்க முடியாது, முயன்று பாருங்கள். ஒரு பிட்டை நான்கு சிப்பாக்கினால் நான்கு மடங்கு அகலமான அலைவரிசை வேண்டும். ஆக, அலைவரிசையை நான்காக வெட்டி நான்கு பேருக்குக் கொடுத்ததைவிட ஒரு பைசா லாபம் இல்லை. நீண்ட குறியீட்டு முறையில் உறுதியான எண்ணிக்கை வரம்பு கிடையாது என்பது உண்மை, ஆனால் ஆள் சேரச் சேர மிச்ச இரைச்சல் ஏறும். 128 மடங்குத் தூக்கல் இருக்க, பேச்சு தெளிவாகக் கேட்க இரைச்சலைவிட 5 மடங்கு சிக்னல் வேண்டும் என்றால், தனியே நிற்கும் ஒரு டவரில் ஏறத்தாழ 26 பேர் வரைதான் தாங்கும். அந்த உச்சத்தில் பாதியை எட்டும்போதே டவரின் இரைச்சல் இரு மடங்காகும். முக்கால் பங்கில் நான்கு மடங்கு. அப்போது ஓரத்தில் இருப்பவரின் போன் முழுத் திறனில் கத்தினாலும் எட்டாது. கூட்டம் கூடும் நேரத்தில் டவரின் எல்லை சுருங்கி, கூட்டம் கலைந்ததும் விரிவது இதனால்தான். பொறியாளர்கள் இதை டவர் மூச்சு விடுகிறது என்பார்கள்.

அப்புறம் ஏன் இந்த முறைக்குப் போனார்கள்? பேச்சில் ஒருவர் வாய் மூடியிருக்கும் நேரமே அதிகம். அப்போது போன் வேகத்தை 9,600 பிட்டிலிருந்து 1,200 வரை இறக்கிக்கொண்டு திறனையும் குறைத்துக்கொள்ள, அந்த லாபம் யாரும் கேட்காமலே மற்றவர்களுக்குப் பிரிந்துவிடுகிறது. அதோடு, பக்கத்து டவரும் அதே அதிர்வெண்ணைப் பயன்படுத்தலாம். ஜிஎஸ்எம் என்ற மற்றொரு செல்போன் முறையில் போல அண்டை டவர்களுக்கு வெவ்வேறு அதிர்வெண் பார்த்துப் பார்த்து ஒதுக்கத் தேவையில்லை. 32,768 சிப் நீளமுள்ள ஒரே குறியீட்டை எல்லா டவர்களும் ஓட்டுகின்றன. ஒவ்வொன்றும் 64 சிப்பின் மடங்குகளில் தள்ளித் தொடங்குவதால் 512 டவர்களை அடையாளம் பிரிக்கலாம். ஆனால் டவர்களின் கடிகாரங்கள் எல்லாம் ஒத்துப்போனால்தான் இது நடக்கும். அந்த நேரத்தை அவை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுத்துக்கொண்டன. ஒரு குறியீட்டு முறை இன்னொரு குறியீட்டு முறையின் தோளில் ஏறி நின்றது!

நம் ஊரில் இருபது வருடத்துக்கு முன் "சிடிஎம்ஏ போன்" என்றாலே சிம் போடாத போன் என்று பொருள். சிம்முக்கும் குறியீட்டு முறைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது கம்பெனிகள் போனை விற்ற விதம். குறியீடு என்றதும் ரகசியம் என்று எண்ணுவதும் அதே போன்ற குழப்பம்தான். ஜிபிஎஸ்ஸின் பொதுக் குறியீடுகள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப்பட்டவை. ராணுவச் சிக்னல்களின் பூட்டு வேறு சமாச்சாரம்.

ஜிபிஎஸ்ஸுக்கே திரும்புவோம். ஒவ்வொரு கோளும் வெவ்வேறு தொலைவில் இருப்பதால் வரிசைகள் பிசகித்தான் வரும், வால்ஷ் உதவாது. ராபர்ட் கோல்ட் 1967-இல் கொடுத்த குறியீடுகளை இங்கே பயன்படுத்துகிறார்கள். 1,023 சிப் நீளம். விநாடிக்கு 10,23,000 சிப் என்பதால் மில்லி விநாடிக்கு ஒருமுறை முழு வரிசையும் திரும்ப வரும். சரியான குறியீடு சரியான இடத்தில் பொருந்தினால் கூட்டல் 1,023. வேறு கோளின் குறியீடு எப்படி நகர்ந்து வந்தாலும் விடை −1, +63, −65 என்ற மூன்றில் ஒன்றுதான். 1,023-க்கு எதிரே 65 என்பது திறனில் 24 டெசிபெல் வித்தியாசம். வெட்டவெளியில் இது தாராளம். வீட்டுக்குள், ஜன்னல் வழியாக ஒரு கோள் பளிச்சென்றும் இன்னொன்று கான்கிரீட் சுவருக்குப் பின்னால் 25 டெசிபெல் மங்கியும் இருந்தால், பளிச்சென்ற கோளின் மிச்சம் மங்கிய கோளின் உண்மையான உச்சத்தைத் தாண்டிவிடும். ரிசீவர் தவறான உச்சத்தைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பக்கத்துத் தெருவில் நிற்பதாகச் சொல்லும். அங்கேயும் அதே கிட்ட–எட்டச் சிக்கல்தான். ஆனால் கோளிடம் "இறக்கு" என்று சொல்ல வழியில்லை.

கல்லூரிகளில் இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்கு, டிவி பார்க்க விற்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் யுஎஸ்பி டாங்கிளும் ஜிபிஎஸ் ஆக்டிவ் ஆன்டெனாவும் போதும். ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஆம்பிளிஃபயருக்கு கேபிள் வழியாகவே 3 முதல் 5 வோல்ட் போக வேண்டும். பயாஸ் டீ (சிக்னல் வரும் கேபிளிலேயே மின்சாரம் ஏற்றும் சுற்று) இல்லாத டாங்கிளில் அது போகாது, பலரும் முதல் நாள் முட்டிக்கொள்வது இங்கேதான். 1575.42 மெகாஹெர்ட்ஸில் வைத்து விநாடிக்கு 20,48,000 மாதிரிகள் எடுத்தால் ஒரு மில்லி விநாடிக்கு 2,048 கிடைக்கும். திரையில் வெறும் இரைச்சல்தான் தெரியும். தரையை எட்டும் சிக்னல் இரைச்சலைவிட 50 முதல் 100 மடங்கு மெலிந்தது; பயப்பட வேண்டாம்.

குறியீட்டை நீங்களே உருவாக்கலாம். பத்துக் கட்டப் பதிவேடுகள் இரண்டு, எல்லாக் கட்டத்திலும் 1 வைத்துத் தொடங்க வேண்டும். முதலாவதில் 3, 10-ஆம் கட்டங்களையும், இரண்டாவதில் 2, 3, 6, 8, 9, 10-ஆம் கட்டங்களையும் எக்ஸ்-ஆர் (1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் 1, இல்லையேல் 0) செய்து முதல் கட்டத்துக்குத் திருப்பிவிட வேண்டும். முதலாவதின் 10-ஆம் கட்டத்தோடு இரண்டாவதின் 2, 6-ஆம் கட்டங்களை எக்ஸ்-ஆர் செய்தால் 1-ஆம் எண் குறியீடு வரும். முதல் பத்து பிட்டுகள் 1100100000 என்று வந்தால் சரி. அதை ±1 ஆக்கி, 2,048 மாதிரிக்கு நீட்டி, ஃபூரியர் மாற்றம் எடுத்து, அதன் இணைக் கலப்பெண்ணால் சிக்னலின் ஃபூரியர் மாற்றத்தைப் பெருக்கி, தலைகீழ் மாற்றம் செய்தால் எல்லா நகர்வுகளுக்குமான கூட்டல் ஒரே வீச்சில் கிடைக்கும். வானத்தில் அந்தக் கோள் இருந்தால் ஊசி போல ஓர் உச்சம் நிற்கும்.

நிற்காவிட்டால் முதலில் அதிர்வெண்ணைச் சந்தேகியுங்கள். கோளின் ஓட்டத்தால் வரும் டாப்ளர் விலகல் 5,000 ஹெர்ட்ஸுக்குள்தான். 500 ஹெர்ட்ஸ் படிகளில் தேடினால் போதும். ஆனால் மலிவான டாங்கிளில் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால் இந்த அதிர்வெண்ணில் அது 79,000 ஹெர்ட்ஸ். தேடும் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டு சிக்னல் சிரிக்கும். உச்சம் மங்கலாக இருக்கிறதே என்று பல மில்லி விநாடிகளின் விடைகளைக் கூட்டப் போனால் அங்கும் அதே படிகம் குறுக்கே வரும்: 10 மில்லி விநாடியில் குறியீடு அரை சிப் நகர்ந்து உச்சம் பரவிவிடும். வெப்ப ஈடு செய்த படிகம் உள்ள டாங்கிளைக் கேட்டு வாங்குவது நல்லது.

சிடிஎம்ஏ செத்துப்போன தொழில்நுட்பம் என்றும் கட்டுரை முடித்திருந்தது. 4ஜியில் பேச்சும் டேட்டாவும் வேறு முறைக்குப் போய்விட்டன என்பது சரி. ஆனால் 4ஜி போன் டவரின் கதவைத் தட்டும் முதல் சிக்னல் இன்றும் குறியீட்டு முறைதான்: 839 நீளமுள்ள வரிசைகள், ஒரு டவருக்கு 64. இருவர் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிசைகளால் தட்டினால் டவர் இருவரையும் பிரித்து அறியும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், அந்த நான்கு வரிசைகளைப் பெட்டிச் செய்தியாகவே போடும்படி கேட்டுக்கொள்கிறோம். அச்சுக்குப் போகும் முன் மைனஸ் குறிகளை ஒருவர் விரல் வைத்து எண்ணிவிடட்டும். கமலாவின் வரிசையில் இரண்டாவது எண்ணின் மைனஸ் மட்டும் விடுபட்டால், கூட்டல் 1 − 3 + 1 − 1 = −2 என்று வரும்; அவர் அனுப்பிய 1-ஐ மாணவர்கள் 0 என்று வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
தொலைத்தொடர்புப் பொறியியல் ஆசிரியர்கள் சிலர்